பன்னிரண்டாவது படிவம்

மார்ச் 4

உலகப் போர்களை ஒற்றைப் பேனாவால் நிறுத்தப்போகும் என் அக்கா மகளுக்கு,

மாமன் நலம். முட்டி மட்டும் தனிநாடு கேட்கிறது. உன் ஆய்வுக்கு நீ கேட்ட வினாப் படிவங்கள் பன்னிரண்டும் இத்துடன் வருகின்றன. அந்தப் பழைய சமாதானப் பேச்சில் மொழிபெயர்த்த கிழவர்களை வீடு வீடாகப் போய்ப் பிடித்தேன். ஒருவர் நாயை அவிழ்த்துவிட்டார். யானைக்குச் சற்றுத்தான் சிறியது. பெயரில்லாமல் எழுதி, உறையை ஒட்டித்தான் தந்தார்கள். மண்டப வாசலில் ஏழு வருடம் தட்டச்சு செய்த எனக்கு ஒரு படிவம் கிடையாதா?

தட்டச்சுச் சக்கரவர்த்தி,
உன் மாமா

மார்ச் 20

அன்புள்ள மாமா,

உங்களுக்குக் கிடையாது. எதிர்த்தரப்புத் தளபதியை உள்ளே உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு மட்டும்தான். பன்னிரண்டில் ஒன்று குறைந்தாலும் என் பேராசிரியர் ஆய்வை ஏற்க மாட்டார் என்று முன்பே எழுதியிருந்தேனே. பன்னிரண்டாமவர் பொக்கிஷம். கை நடுங்க நடுங்க எழுதியிருக்கிறார், பாவம்: 'தளபதி மேசையைக் குத்திவிட்டு எழுந்து போவார். வெளியே நின்று ஷூவைத் துடைப்பார். கோபம் அத்தோடு சரி. பத்து நிமிடத்தில் வந்து உட்காருவார்.' ஏனோ படித்தவுடனே நம்பிவிட்டேன். நான்காம் அத்தியாயமே அதன்மேல்தான் நிற்கிறது. அவர் யாரென்று நான் கேட்கக் கூடாது. பார்த்தால் நன்றி சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் வாயாடி

அடுத்த ஆண்டு, அக்டோபர் 2

அன்புள்ள மாமா,

உங்கள் வாயாடி இப்போது அமைச்சகத்துக்கு ஆலோசகர். நேற்று அதே தளபதி மேசையைக் குத்திவிட்டுப் புதிய பேச்சிலிருந்து வெளியேறிவிட்டார். ஆற்றுப்பாலத்து ஊரைக் காலி செய்யலாமா என்று என்னைக் கேட்டார்கள். "வேண்டாம், திரும்பி வருவார்" என்றேன். என் ஆய்வுப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் கேட்டார்கள் மாமா. அப்பா இருந்திருந்தால் எவ்வளவு பூரித்திருப்பார்.

வாயாடி

அக்டோபர் 5

அமைச்சர்களை ஆட்டிவைக்கும் அம்மணிக்கு,

உன் கடிதத்தைத் தெருவில் நானூறு பேருக்குப் படித்துக் காட்டினேன். தபால்காரர் மயங்கி விழுந்தார்.

ஒரு சின்ன விஷயம். அந்த ஊரைக் காலி செய்தால்தான் என்ன? பத்து நாள் உறவினர் வீட்டில் இருந்துவிட்டுப் போகட்டுமே. கிழவர்கள் எழுதியதை அப்படியே நம்பலாமா? உனக்குத் தெரியாததா.

உன் மாமா

அக்டோபர் 12

மாமா,

ஏழாம் தேதி விடியலில் குண்டு விழுந்தது. உங்கள் கடிதம் ஒன்பதாம் தேதி வந்தது. பாலத்தில் முந்நூற்றுப் பதினோரு பேர். நேற்று அங்கே போனேன். ஒரு பெண் என் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, "நீங்கதானே இருக்கச் சொன்னீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

விசாரணைக் குழு அமைத்திருக்கிறார்கள். அமைச்சகமே நம்பியதை நீங்கள் ஏன் நம்பவில்லை? யானை, மயக்கம் எதுவும் வேண்டாம். நடந்ததை எழுதுங்கள்.

அக்டோபர் 17

மருமகளுக்கு,

பன்னிரண்டாமவர் நான் போவதற்கு ஒரு வாரம் முன்பே இறந்துவிட்டார். ஒன்று குறைந்தால் உன் படிப்பு நின்றுவிடும் என்று நானே நிரப்பினேன். என் கையெழுத்து என்று தெரியாமலிருக்க இடது கையால் எழுதினேன். ஐந்தாம் தேதி தந்தியாவது அடித்திருக்க வேண்டும். வெட்கப்பட்டுக்கொண்டு கடிதம் எழுதினேன்.

மண்டபக் கதவு எப்போதும் மூடியே இருக்கும். தளபதி பின்வாசல் வழியே வந்து போவார்; அவரை நான் பார்த்ததே இல்லை.

மேசையைக் குத்திவிட்டு எழுந்துபோய், ஷூவைத் துடைத்துவிட்டு, பத்து நிமிடத்தில் வந்து சாப்பிட உட்காருபவர் உன் அப்பா. அவரைத்தான் எழுதினேன்.

இதை விசாரணைக் குழுவிடம் கொடு. பதில் எழுத வேண்டாம்.

மாமா