அண்ணனின் பச்சைப் புள்ளி

ஆக. 11, திங்கள்

விடியலிலிருந்து தூறல். துணி காயவில்லை. மோர்க்குழம்பு மீதி, மதியத்துக்கு ஆகும்.

ஜீப் புக்கிங் ஆப்பில் குப்பை அள்ளும் வேலை. சர்வரில் பெயர் போட்டு வைக்கும் ஒவ்வொரு தகவலும் ஒரு கீ. ‘சோதனை’ என்று பெயர் போட்ட பழைய கீ எல்லாம் ஒரே கட்டளையில் அழித்தேன். எத்தனை அழிந்தது என்பதற்கு 6 என்று பதில் வந்தது. ஆறு போயிற்று.

அண்ணனுடைய கீயைத் தொடவில்லை.

ஒவ்வொரு டிரைவருக்கும் ஒரு கீ, அதில் வண்டி நிற்கும் இடம். போனிலிருந்து புது இடம் வராவிட்டால் அரைமணியில் தானாக அழியும். ஒண்டிக்கடை ஜீப் ஸ்டாண்டில் அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்த அன்று, ஆஸ்பத்திரி வாசலில் நின்று அந்தக் கெடுவை எடுத்துவிட்டேன். நாற்பது நாளாக மேப்பில் அதே இடத்தில் பச்சைப் புள்ளி. வெளியாருக்குத் தெரியாமல் மறைத்திருக்கிறேன். நானும் அண்ணியும் மட்டும் பார்ப்போம். ஏன் அழியவில்லை என்று அண்ணி கேட்டதில்லை.

ஆக. 12, செவ்வாய்

காற்று. பத்து மணிக்குக் கரண்ட் போனது. சர்வர் என் மேஜைக்கு அடியில், யுபிஎஸ்ஸில். கீ எல்லாம் மெமரியில்தான், டிஸ்க்கில் கிடையாது. மிஷின் அணைந்தால் மொத்தமும் போகும். மற்ற டிரைவர்கள் வண்டியை நகர்த்தியதும் திரும்ப வந்துவிடுவார்கள். அண்ணன் வரமாட்டார்.

யுபிஎஸ் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். சாப்பிடவில்லை. ஒன்றரைக்குக் கரண்ட் வந்தது.

ஆக. 13, புதன்

ஸ்டாண்டுத் தலைவர் போன். “ஏனுங்க, செத்துப்போனவரு வண்டியப் புக்கிங்ல உட்டுருக்கறீங்க. வெள்ளக்கடையில ஒரு குடும்பம் ஒண்ணர மணி நேரம் மழையில நின்னிருக்குதுங்க. கைக்கொழந்த நொம்ப நனைஞ்சு நடுங்கிருச்சு.”

தேடினேன். திங்கட்கிழமை அழித்த ஆறில் ஒன்று, அண்ணன் வண்டியை வெளியாருக்குக் காட்டாதே என்று ஆப்புக்குச் சொல்லும் கீ. அன்றைய அவசரத்தில் ‘சோதனை’ என்றே பெயர் வைத்திருக்கிறேன். முட்டாள்.

மறுபடி மறைத்தேன். அண்ணிக்குப் போன் செய்து எல்லாம் சொன்னேன். “நாளைக்கு வாரனுங்க” என்று வைத்துவிட்டார்.

ஆக. 14, வியாழன்

வெயில். பால் திரிந்துவிட்டது, கடுங்காப்பிதான்.

அண்ணி மாரமங்கலம் பஸ்ஸில் பதினொன்றுக்கு வந்தார். செருப்பெல்லாம் சேறு.

“நீங்கதான் வெச்சிருக்கறீங்கன்னு அப்பவே தெரியுமுங்க தம்பி. கேட்டா எடுத்துருவீங்களோன்னு கேக்குல.”

கடுங்காப்பியை அவர் பக்கம் நகர்த்தினேன்.

“கொழந்த நனைஞ்சுதுன்னா உங்கண்ணன் பொறுப்பாருங்களா? எடுத்துருங்க.”

அழிக்கும் கட்டளையை அடித்துவிட்டு என்டரில் விரலை வைத்தேன்.

“இப்பவேங்களா?” என்றார் அண்ணி.

கட்டளையைத் துடைத்தேன். மற்ற டிரைவர்களுக்கு இருக்கும் அதே அரைமணிக் கெடுவை அண்ணனுக்கும் திருப்பிப் போட்டேன். 11.50.

அண்ணி போனை மடியில் வைத்துக்கொண்டார். திரை அணைய அணைய விரலால் தொட்டுக்கொண்டே இருந்தார். நான் அழுதேன். அவர் அழவில்லை. காப்பி ஆறிப்போனது.

12.20. மேப்பில் ஒண்டிக்கடையில் ரோடு மட்டும்.

“போயிருச்சுங்களா?”

சந்தேகத்துக்கு அழிக்கும் கட்டளையை ஒருமுறை அடித்தேன்.

0.