கஜபதியின் பெயரை வாசித்த குரல்

நூம்பல்,
ஞாயிறு காலை.

அன்பு மகள் எழிலரசிக்கு, அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் அம்மாவும் சுகம், நீயும் மாப்பிள்ளையும் அங்கே சுகமாக இருக்க வேண்டுமென்று தினமும் ஜெபிக்கிறோம். அம்மாவுக்கு முட்டிவலி முன்னைக்குப் பரவாயில்லை, ஆனால் மாங்காடு மார்க்கெட்டுக்கு நடந்தே போவேன் என்று அடம் பிடிக்கிறாள், நீ ஒரு வார்த்தை சொல். ஹாம்பர்க்கில் பனி கொட்டுகிறதாமே, ஆஸ்பத்திரி டூட்டிக்குப் போகும்போது காதை மூடிக்கொண்டு போ.

போன வாரம் போனில் கஜபதியைப் பற்றிச் சொன்னதும் "விட்டுடுங்கப்பா, மன்னிச்சிடுங்க" என்றாய். நான் போனை வைத்துவிட்டேன். உனக்குப் பாதிதான் தெரியும், முழுக்கதையையும் எழுதுகிறேன். சர்க்கரையில் என் கண் போனபிறகு, திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கும் அந்த இலவச மென்பொருளை நீதானே கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுத்தாய். முகம் தெரியாத யார் யாரோ எழுதி, யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று திறந்து வைத்தது. அதன் தமிழ்க் குரல் பழத்துக்கும் பஸ்ஸுக்கும் ஒரே 'ப'தான் சொல்லும். ஐயப்பன்தாங்கல் பள்ளியில் டீச்சராக இருக்கும் பானுப்பிரியா, அவளுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை, அவளும் நானும் இரண்டு வருஷம் உட்கார்ந்து இப்படித் தப்பாக வரும் நாலாயிரம் சொற்களைக் காதாலேயே கேட்டு ஒவ்வொன்றுக்கும் சரியான உச்சரிப்பை எழுதி வைத்தோம். அந்தப் பட்டியலின் மேலே எங்கள் இருவர் பெயர், கீழே யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு வரி.

கம்ப்யூட்டர் சென்டர் நடத்துகிறானே கஜபதி, அவனுக்குக் கண் நன்றாகத் தெரியும், மாணவர்களுக்கு வேண்டுமென்று கேட்டான், கொடுத்தேன். எடுத்ததில் எனக்குக் கோபமே இல்லையம்மா, கொடுக்கத்தானே செய்தோம். நாலு மாதத்தில் மாங்காட்டில் வெளியீட்டு விழா என்று அழைப்பிதழ் வருகிறது, பட்டியலை உருவாக்கியவர் கஜபதியாம். எங்கள் பெயரை அழித்துவிட்டான். நானும் பானுவும் போய்க் கேட்டோம். "ஃப்ரீயா குட்த்ததுதானே சார், அப்பால இன்னாத்துக்குப் பேரு?" என்றான். பிறகு பானுவைப் பார்த்து, "கண்ணு தெரியாதவங்க செஞ்சதுன்னு போட்டா எவன் நம்புவான் மேடம்?" என்று சிரித்துக்கொண்டே சொன்னான். அந்தப் பெண் அப்போதே என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

விழாவுக்கு இரண்டு நாள் முன்னால் அவனே போன் செய்தான், குரல் எண்களைத் தப்பாகப் படிக்கிறதாம், திருத்தி அனுப்ப வேண்டுமாம். எவ்வளவு தைரியம் பார். திருத்தினேன், கூடவே ஒரு வரியும் சேர்த்தேன். 'கஜபதி' என்று எங்கே வந்தாலும் 'இருதயராஜ், பானுப்பிரியா இருவரின் உழைப்பைத் திருடிய கஜபதி' என்று வாசிக்கச் சொன்னேன். ஒரே ஒரு தடவை அவன் காதால் கேட்டிருந்தால் பிடித்திருப்பான், கேட்கமாட்டான் என்று எனக்குத் தெரியும்.

விழாவன்று பானுவைக் கூப்பிட்டேன், வரமாட்டேன் என்றுவிட்டாள், நான் மட்டும் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். அழைப்பிதழையே திரையில் போட்டு ஸ்பீக்கரைப் பெரிதாக வைத்தான். குரல் கணீரென்று சொன்னது. பதறிப்போய் எதையோ அமுக்கினான், முதலிலிருந்து மறுபடி வாசித்தது. அவன் பெயர் அழைப்பிதழில் ஐந்து இடத்தில் இருந்ததம்மா. பார்வை இல்லாத பிள்ளைகள் ஐம்பது பேர், முதலில் ஒருவன் சிரித்தான், பிறகு மண்டபமே சிரித்தது. எனக்கு அன்றைக்குச் சோறு ருசித்தது, பொய் சொல்லமாட்டேன்.

நேற்று வீட்டுக்கே வந்தான். "அந்த வரி தப்பா பூந்துச்சுன்னு ஒரு வார்த்த சொல்லுங்க சார், சென்டர்ல பாதி பசங்க நின்னுட்டாங்க" என்று கெஞ்சினான். அம்மா பரிதாபப்பட்டு டீ கொடுத்தாள். பானுவிடம் போய்க் கேள் என்றேன். அவன் போகவில்லை, அந்தப் படியேற அவனுக்கு மனம் வராது. அதுவரை நானும் இறங்கி வரமாட்டேன், பாதிரியாரிடம்கூடச் சொல்லிவிட்டேன்.

ஆனால் விழாவில் நடந்ததைச் சொன்னபோது பானு என்னைத் திட்டினாள். "நம்ம லிஸ்ட்ல நீங்களே ஒரு கோணல் வரி போட்டுட்டீங்களே சார், நாளைக்கு அதை நம்பி ஒரு புள்ள பரீட்சை எழுதுமே" என்றாள். அவளே உட்கார்ந்து அந்த வரியைத் தேடிப் பிடித்தாள். அழிக்கப் போனவள் விரலை நிறுத்திக்கொண்டு, "ஒரே ஒரு தபா கேட்டுக்கிறேன் சார்" என்று இயர்போனை மாட்டினாள். கேட்டாள், இன்னொரு தபா கேட்டாள், பிறகு அழித்துவிட்டு வெகுநேரம் சிரித்தாள்.

உன்னிடம் ஒரு வேலை. சுத்தமான பட்டியலை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். மென்பொருளை எழுதுகிறவர்களுக்கு ஆங்கிலத்தில் நல்லபடியாக ஒரு கடிதம் எழுதி அனுப்பிவிடு, உலகத்தில் எந்தத் தமிழ்ப்பிள்ளைக்கும் கிடைக்கட்டும். பானுப்பிரியா பெயர் முதலில், அப்புறம்தான் என் பெயர். மறந்துவிடாதே. மன்னிக்கச் சொல்லி மட்டும் இனி எழுதாதே. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதம்.

உன் அப்பா,
இருதயராஜ்