ஆறு மாசம் என்று சொன்னீர்களே

என்னங்க, என் கமலாவின் அப்பாவே,

நீங்கள் போய் மூன்று வருஷம் ஆகிறது. உங்களைப் பற்றி நாலு பேர் முன்னால் ஒரு குறை சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். கோபப்படாமல் கேளுங்கள்.

பண்ணையார் மகன் தோப்பை விற்கப் போகிறார். அதற்குள் இருக்கிற நம்ம வீட்டைக் காலி பண்ணச் சொல்லி நோட்டீஸ் வந்தது. கல்யாணமான நாளிலிருந்து இங்கேதான் குடியிருக்கிறோம் என்று மனு எழுதிக்கொண்டு குடவாசல் தாலுகா ஆபீசுக்கு ஓடினேன். அங்கே பழைய கோப்புக் கட்டு ஒன்றிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துக் காட்டினார்கள். அடியில் உங்கள் கைநாட்டு.

கூலிக்காரர்கள் ரொம்ப நாளாகக் குடியிருக்கும் மனை அவர்களுக்கே சொந்தம் என்று சட்டம் வந்து, அதிகாரிகள் வீடு வீடாகக் கேட்டு எழுதினார்களே, அந்தக் காகிதம். எத்தனை நாளாக இருக்கிறாய் என்று கேட்டதும் நீங்கள் பக்கத்தில் நின்ற பண்ணையார் முகத்தைப் பார்த்தீர்கள்.

"ஆறு மாசந்தாங்க ஆவுது. ஐயா இருக்கச் சொன்னாங்க, இருக்கோம்."

கமலா இதே வீட்டில் பிறந்து அப்போது மூன்று வயசு. பண்ணையார் வாயைத் திறக்கக்கூட இல்லை, நீங்களாகவே விட்டுக்கொடுத்தீர்கள். தெற்குத் தெருவில் எல்லாருக்கும் பட்டா வந்தது, நமக்கு வரவில்லை. ஒரு மாசம் உங்களோடு நான் பேசவில்லை. சோறு மட்டும் போட்டேன்.

விசாரணையில் கமலாவின் பிறப்புப் பதிவு நகலைக் கொடுத்தேன். அதில் இந்தத் தோப்பு வீடுதான் விலாசம். தாசில்தார் அம்மா இரண்டு காகிதத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப உங்க வீட்டுக்காரர் பொய் சொன்னாராம்மா?"

எனக்குச் சாட்சி சொல்ல வந்தவர்கள் பின்னால் நின்றார்கள். வாய்க்கால் தண்ணீர்ச் சண்டையில் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாலும், நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் கட்டுப்பட்டவர்கள். அவர்கள் காதில் விழவே சொன்னேன்.

"ஆமாங்கம்மா. பொய்தான் சொன்னாங்க."

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அழுதேன். வேறு என்ன சொல்லியிருக்க முடியும், நீங்களே சொல்லுங்கள்?

போன வாரம் என் பேருக்குப் பட்டா வந்துவிட்டது. திருப்பூரிலிருந்து கமலா போனில் சந்தோஷத்தில் குதித்தாள். போனை வைத்த பிறகு வீட்டில் சத்தமே இல்லை. இத்தனை வருஷமும் அந்த ஆறு மாசத்தைச் சொல்லித்தான் உங்களோடு சண்டை போட்டேன். நீங்கள் போன பிறகும் படத்துக்கு முன்னால் நின்று திட்டினேன். அதுதான் எனக்குப் பேச்சுத்துணையாக இருந்திருக்கிறது. இனி எதைச் சொல்லித் திட்டுவேன்?

தாசில்தாரிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. உங்களிடமும் ஒப்புக்கொண்டதில்லை. அன்றைக்குக் கமலாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நானும் அங்கேதான் நின்றேன். அந்த அதிகாரி என் பக்கம் திரும்பி, "அப்படித்தானாம்மா?" என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன்.

இனி யாராவது உங்களைப் பொய் சொன்னவர் என்றால், இரண்டு பேரும் சேர்ந்துதான் சொன்னோம் என்று சொல்வேன். இது சத்தியம்.

உங்கள் மனைவி,
கமலா அம்மா