வரிசையில் தரைதட்டிய சரக்குக் கப்பல்

லொரெய்ன், ஒஹையோ
அக்டோபர் 27, ஞாயிறு

அன்பு மருமகன் நோலனுக்கு,

இங்கே நானும் உன் அத்தை டோரீனும் உன் மனைவி ஷெல்பியும் குழந்தை மேபலும் சுகம், என் வலது முழங்கால் மட்டும் தனி நாடு கேட்டுப் போராடிக்கொண்டிருக்கிறது. அங்கே நீயும் உன் கப்பலும் கப்பல் வயிற்றில் இருக்கிற இரும்புத்தாதும் சுகமாக இருக்க வேண்டுமென்று தினமும் ஏரிப் பக்கம் பார்த்து வேண்டிக்கொள்கிறோம். டெட்ராய்ட்டில் தபால் படகு வந்து, நீங்கள் கயிற்றில் இறக்குகிற வாளியில் இந்தக் கடிதத்தைப் போடும்போது வாளி வழக்கத்தைவிடக் கனத்தால் பயந்துவிடாதே, இரண்டு ஆளாகப் பிடித்து இழுங்கள், உள்ளே இருக்கிற சங்கதி அப்படி. ஆகவே சகலரும் அறிய நான் அறிவிப்பது என்னவென்றால், உன் அம்மாவின் அண்ணன், லொரெய்ன் நகரத்து வெர்னன் ஆகிய நான், உன் அத்தையின் சமையல் புத்தகத்தின் மேல் கை வைத்து (வேறு புனிதமான புத்தகம் கைக்கு எட்டவில்லை) சத்தியமாகச் சொல்கிறேன், இந்த ஐந்து பெரிய ஏரிகளின் கரையில் ஒரே ஒரு ஜீவன்கூட நம்பாத ஒரு கதையை உனக்கு எழுதப்போகிறேன். நீயும் நம்ப மாட்டாய். பரவாயில்லை, கடைசிவரை படி.

முதலில் உன் போன கடிதத்துக்கு வருகிறேன். ஆகஸ்டில் நீ இரண்டு நாள் வந்தபோது குழந்தை உன் தாடியைப் பார்த்து வீடே இடிகிற மாதிரி கத்தியதும், நீ எங்கள் வீட்டு சோபாவில் வந்து படுத்ததும், அதற்கப்புறம் போனில் உன் முகம் தெரிந்தாலே அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வதும் எனக்குத் தெரியாததா. ஆனால் அதற்காக நவம்பர் பதினைந்தாம் தேதி வருகிற பத்து நாள் லீவை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவதாக எழுதியிருக்கிறாயே, "எதுக்கு மாமா அவளை வந்து பயமுறுத்தணும், நான் அவளுக்கு யாரோதானே, சீசன் முடிஞ்சு ஜனவரியில மெதுவா வந்துக்கிறேன்" என்று, அந்த இடத்தை நான் மூன்று தடவை படித்தேன், மூன்று தடவையும் கண்ணாடியைத் துடைக்க வேண்டியிருந்தது, கண்ணாடியில் அழுக்கு என்று வைத்துக்கொள். ஷெல்பியிடம் கொடுத்தேன். அவள் படித்துவிட்டு மடித்து சர்க்கரை ஜாடிக்கு அடியில் வைத்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டாள். கழுவின பாத்திரத்தையே திரும்பவும் கழுவினாள். என்னம்மா என்று கேட்டதற்கு, "குழந்தைக்கு அவரைத் தெரியும்னு நானும் எத்தனை தடவை சொல்றது, ஆறுதலுக்குச் சொல்றேன்னு நினைக்கிறாரு, நான் இனி சொல்லப்போறதில்ல மாமா" என்றாள். சரி, அவள் சொல்லாவிட்டால் நான் சொல்கிறேன் என்று பேனாவை எடுத்தேன், உடனே உன் அத்தை, "நீ எழுதினா மட்டும் நம்பிடுவானாக்கும், பத்து வயசுலேருந்து அவனுக்கு நீ அளந்து விட்டதெல்லாம் கொஞ்சமா நஞ்சமா" என்று ஆரம்பித்தாள். ஒரு பெருமீன் என் தொப்பியைக் கழற்றி வணக்கம் சொன்னதை இன்னும் ஞாபகம் வைத்திருக்கிறாள் பார். நிற்க.

நேற்று சனிக்கிழமை மேபலுக்கு முதல் ஹாலோவீன் என்று ஹெரன் முனைக் கேளிக்கைப் பூங்காவுக்குப் போனோம். இந்த மாதம் முழுக்க அங்கே வேஷம் போட்டு வருகிற குடும்பங்களுக்குத்தான் மரியாதை, தெரியுமே. மேபல் கலங்கரை விளக்கம். வெள்ளைச் சட்டையில் சிவப்புப் பட்டை, தலையில் பேட்டரி விளக்கு வைத்த தொப்பி, அவள் ஒவ்வொரு தடவை தலையை ஆட்டும்போதும் கனடாவில் கப்பல்கள் வழி கண்டுபிடித்ததாகக் கேள்வி. ஷெல்பி நீல ரெயின்கோட்டும் பித்தான் வைத்த தொப்பியுமாக விளக்கைக் காக்கிறவள். உன் அத்தை கடற்காகம். இறக்கைக்குப் பழைய போர்வை இரண்டைக் கிழித்தாள், அவ்வளவு தத்ரூபம், வண்டி நிறுத்துமிடத்திலேயே நாற்பது நிஜக் கடற்காகங்கள் வந்து சூழ்ந்துகொண்டன, அதில் ஒரு கிழக்காகம் அவளிடம் கல்யாணப் பேச்சே எடுத்துவிட்டது, "நாப்பது வருஷம் முன்னாடி வந்திருக்கக் கூடாதா" என்று அவள் அதனிடம் சொன்னதை என் காதால் கேட்டேன். நானோ, மருமகனே, நான் கப்பல். சும்மா ஏதோ ஒரு கப்பல் இல்லை, உன் கப்பல். முன்பக்கம் மாலுமி அறை, பின்பக்கம் புகைபோக்கி, விலாவில் வெள்ளை எழுத்தில் கப்பலுக்குப் பெயர் கொடுத்த அந்தச் செத்துப்போன முதலாளியின் முழுப் பெயர், எல்லாம் அட்டையில் செய்து, சிவப்பு வண்ணம் பூசி, தோளில் கால்சட்டை வாரை மாட்டி நடுவில் நான் நின்றேன். மாலுமி அறை ஜன்னலில் ஷெல்பி உன் போட்டோவை ஒட்டினாள், நீ ஆரஞ்சு நிறச் சட்டையும் தாடியுமாகச் சிரிக்கிறாயே, அது.

இங்கேதான் நான் ஒரு தப்பு செய்தேன், அதை ஏரிக்காரன் மட்டும்தான் செய்வான். வேறு ஊர்க்காரனாக இருந்தால் கண்ணுக்கு அழகாக ஒரு தொப்பைக் கப்பலைச் செய்துவிட்டுப் போயிருப்பான். நமக்கு அது முடியுமா? நம் சரக்குக் கப்பல் என்றால் அகலத்தைப் போல் பத்து மடங்கு நீளம், அந்தக் கணக்கு தப்பினால் துறைமுகத்தில் எவன் முகத்தில் விழிப்பது. என் வயிற்றைச் சுற்றி அகலம் இரண்டு அடி. ஆகவே நீளம் இருபது அடி. "வயித்தைக் குறைச்சா கப்பலும் குறையுமே" என்றாள் உன் அத்தை. அடுத்த ஹாலோவீனுக்குள் பார்க்கலாம் என்றேன். வாசலில் டிக்கெட் கிழிக்கிற பெண், தலையில் சூனியக்காரி தொப்பியோடு, என் முனையிலிருந்து ஆரம்பித்து நடந்து நடந்து வால் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்து, "பெரியவரே, உங்க பின்பக்கம் இன்னும் பார்க்கிங்லதான் இருக்கு, அதுவும் உள்ள வருதா, இல்ல அங்கேயே இருக்குமா?" என்று கேட்டாள். அதற்குள் மேபலுக்கு மிட்டாய் கொடுக்க ஆட்கள் கூடிவிட்டார்கள். இரண்டே பல் இருக்கிற பிள்ளைக்கு ஒரு வாளி மிட்டாய், அவள் சார்பில் அவ்வளவையும் நான் ஒருவனே தியாகம் செய்து சாப்பிட்டேன், குழந்தையின் நன்மைக்காக. எலும்புக்கூடு வந்து கைகுலுக்கியது, தலையில்லாத மனிதன் வந்து கன்னத்தைக் கிள்ளினான், எட்டுக்கால் பூச்சிக் குடும்பமே வந்து கொஞ்சியது, உன் மகள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை, துறைமுக அதிகாரி மாதிரி எல்லாரையும் ஏற இறங்கப் பார்த்து அனுப்பிக்கொண்டிருந்தாள்.

பிறகு குட்டிப் படகுச் சவாரி. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு போகலாம் என்று அது ஒன்றுதான் இருந்தது. அதற்கு வரிசை, நீ பார்த்திருப்பாய், இரும்புக் கம்பி போட்டுப் பாம்பு மாதிரி வளைத்து வளைத்து விட்டிருப்பார்கள். முதல் வளைவில் என் முன்பக்கம் நுழைந்தது, இரண்டாவது வளைவிலும் நுழைந்தது, மூன்றாவதில் முன்பக்கம் மேற்கே போக, பின்பக்கம் கிழக்கே போக, நடுவில் நான் தரைதட்டி நின்றேன். முன்னால் போக வழியில்லை, பின்னால் போக வழியில்லை. எனக்குப் பின்னால் முந்நூறு பேர், அதில் பாதி பூசணிக்காய்கள். கையில் இருந்த ஊதுகுழலை எடுத்து மூன்று நீளம் இரண்டு குட்டை என்று நம் கப்பல் வணக்கத்தை ஊதினேன், என்ன செய்ய, மரியாதையாக மூழ்கலாம் என்றுதான். வரிசையில் இருந்த ஏரிக்காரக் கிழவர்கள் எல்லாம் தொப்பியைக் கழற்றிவிட்டு வாயாலேயே திருப்பி ஊதினார்கள், ஒருவர் "கேப்டன், வலது பக்கம் ஒரு அடி எடு!" என்கிறார், இன்னொருவர் "எடுத்தா அந்த வாழைப்பழ வேஷக்காரன் நசுங்கிடுவான்யா, இடது பக்கம் எடு!" என்கிறார், உன் அத்தை இழுவைப் படகு மாதிரி பின்னாலிருந்து முட்டித் தள்ளுகிறாள், "பத்து மடங்கு, பத்து மடங்குன்னு உயிரை வாங்கினியே, இப்ப நில்லு ஜனவரி வரைக்கும்" என்று திட்டிக்கொண்டே. கடைசியில் முதலுதவிப் பெட்டியிலிருந்து கத்தரிக்கோல் வந்தது. ஷெல்பி என்னிடம், "மாமா, மன்னிச்சுக்கோங்க" என்றாள், ஒரே வெட்டு, கப்பல் இரண்டு துண்டு. இந்த ஏரியில் எத்தனையோ புயல் அடித்திருக்கிறது, எந்தக் கப்பலும் இப்படி அவமானப்பட்டதில்லை. பெருக்குகிற அம்மாள் ஒருத்தி வந்தாள், ஆறடி உயரம், ஓஃபீலியா என்று சட்டையில் பெயர், வெட்டி விழுந்த முன்பாதியை ஒரு கையால் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு குப்பைத் தொட்டியைப் பார்த்து நடந்தாள்.

அப்போதுதான் மேபல் கத்தினாள்.

எலும்புக்கூட்டுக்கு அழாத பிள்ளை, மருமகனே. தொண்டை நரம்பு தெரிய, இரண்டு கையையும் அந்தப் பக்கம் நீட்டிக்கொண்டு, ஷெல்பியின் இடுப்பிலிருந்து குதித்துவிடுகிற மாதிரி எம்பி எம்பி அழுதாள். உன் அத்தை பசி என்றாள், பால் புட்டியைத் தட்டிவிட்டாள். பல் முளைக்கிறது என்றேன் நான், என் விரலைக் கடித்துவிட்டு மேலும் கத்தினாள். ஈரமா என்று பார்த்தோம், இல்லை. தொப்பி விளக்கு கண்ணை உறுத்துகிறதோ என்று கழற்றினோம், அதுவும் இல்லை. ஓஃபீலியா அம்மாள் எவ்வளவு தூரம் போனாளோ அவ்வளவு சத்தம் கூடியது. திடீரென்று ஷெல்பி, "போட்டோ" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். நான் இருந்த இடத்திலிருந்து, பின்பாதிக் கப்பல் இடுப்பில் தொங்க, தனி நாடு கேட்கிற முழங்காலோடு, கம்பிக்கு அடியில் புகுந்து ஓடினேன். தொட்டியின் மூடி திறந்தாகிவிட்டது. நிறுத்துங்கம்மா, அது அவள் அப்பா என்று கத்தினேன். அந்த அம்மாள் அட்டையைத் திருப்பிப் பார்த்தாள், ஜன்னலில் நீ சிரித்துக்கொண்டிருந்தாய். "அடக் கடவுளே, நல்ல மனுசனைக் குப்பைல போடப் பாத்தேனே" என்றவள், என்னிடம் கொடுக்கவில்லை, தானே தூக்கிக்கொண்டு வந்து குழந்தைக்கு முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்து, "இந்தா தாயி, உங்கப்பா, ஒரு கீறல் விழல" என்று நீட்டினாள். சத்தம் நின்றுவிட்டது. மேபல் விக்கிக்கொண்டே உன் தாடியைத் தட்டிப் பார்த்தாள், கத்தவில்லை. இரண்டு தட்டு, மூன்று தட்டு, அப்புறம் வாயைத் திறந்து உன் முகம் முழுக்க எச்சில் பண்ணி வைத்துவிட்டு, கன்னத்தை அந்த அட்டையின் மேல் சாய்த்துக்கொண்டாள். ஷெல்பி ரெயின்கோட்டின் காலரில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நின்றாள். நான் ஓஃபீலியா அம்மாளின் கையைப் பிடித்து ஏதோ பெரிய பிரசங்கம் செய்ய வாயைத் திறந்தேன். "போங்கய்யா, உங்க முறை வந்துடுச்சு" என்று அவளே தள்ளிவிட்டாள். படகுச் சவாரி முழுக்க உன் மகள் உன்னை மடியில் வைத்துக்கொண்டுதான் வந்தாள்.

ஷெல்பி பிறகு காரில் சொன்னாள், குழந்தை தவழ ஆரம்பித்ததிலிருந்து அவள் கைக்கு எட்டுகிற உயரத்தில் பிரிட்ஜ் கதவில் உன் இன்னொரு போட்டோவை ஒட்டி வைத்திருக்கிறாளாம், தினமும் காலையில் முதல் வேலை அங்கே போய் உன்னை இரண்டு அறை அறைவதாம். உன் அத்தை அதற்கும், "அறையறது இந்த வம்சத்துப் பாசம்" என்றாள். நேற்றிலிருந்து நான் யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியாமல் வீட்டைச் சுற்றி வருகிறேன், கத்தரிக்கோலுக்கு ஒரு தடவை சொன்னேன், வளைந்த இரும்புக் கம்பிக்கு ஒரு தடவை சொன்னேன், ஓஃபீலியா அம்மாளுக்குத் தனியாகக் கடிதம் எழுதி ஒரு ஆப்பிள் கேக்கும் அனுப்பப் போகிறோம். உன் அம்மா, என் தங்கை, இதைப் பார்க்க இல்லையே என்பது ஒன்றுதான் குறை, அவள் இருந்திருந்தால் முதலில் என் நீளத்தைப் பார்த்துத்தான் சிரித்திருப்பாள்.

நீயும் உன்னோடு இருக்கிறவர்களும் எந்தக் காற்றிலும் ஆபத்தில்லாமல் கரை சேர என் ஆசியும் உன் அத்தையின் ஆசியும். மேல்தளத்தில் பனி உறைய ஆரம்பித்திருக்கும், இரும்பு ஏணியில் கையுறை இல்லாமல் ஏறாதே, காலையில் ஏதாவது சூடாகச் சாப்பிடு, காபி சாப்பாடு ஆகாது. தாடியை எடுக்காதே, இப்போது அதைத்தான் அவளுக்கு அடையாளம் தெரியும். நவம்பர் பதினைந்தாம் தேதி லீவை எவனுக்கும் கொடுக்காமல் இறங்கி வா, நேராக உன் வீட்டுக்குப் போ, எங்கள் சோபாவில் நான் காலை நீட்டி வைத்திருக்கிறேன், இடமில்லை.

இவ்வளவு எழுதியதையும் உன் அத்தை தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டாள், உண்மையைச் சொல்லாவிட்டால் உறை ஒட்ட விடமாட்டேன் என்கிறாள். சொல்லிவிடுகிறேன். கப்பல் இருபது அடி இல்லை, ஒன்பது அடி. பின்னால் நின்றவர்கள் முந்நூறு இல்லை, பத்துப் பன்னிரண்டு பேர் இருக்கும். கிழக்காகம் கல்யாணம் பேசவில்லை, அத்தை கையிலிருந்த உருளைக்கிழங்கு வறுவலைத்தான் பறித்துக்கொண்டு போயிற்று. கிழவர்கள் யாரும் ஊதவில்லை, ஒரே ஒருவர் இருமினார். எல்லாம் புளுகு, நோலன், ஒப்புக்கொள்கிறேன். உன்னைக் குப்பைத் தொட்டிப் பக்கம் கொண்டுபோனபோது அவள் அழுததும், திருப்பிக் கொடுத்ததும் நிறுத்தியதும் மட்டும் நிஜம்.

இப்படிக்கு,
உன்னிடம் இந்த ஒரு தடவை பொய் சொல்லாத
வெர்னன் மாமா