மன்னிப்பு இதில் சேராது

தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. நலமா என்று கேட்கப்போவதில்லை. நீ எப்படி இருக்கிறாய் என்பதை உன் ரத்தப் பரிசோதனை முடிவுகள் உன்னைவிட ஒழுங்காக எனக்குச் சொல்லிவிடுகின்றன. நான் நலம். சொல்லப்போனால் கல்லூரி நாட்களில்கூட இவ்வளவு நலமாக இருந்ததில்லை. அதற்கு நீ காரணம் என்பதுதான் எரிச்சல்.

போனில் பேசியிருக்கலாம். என் குரல் கேட்டதும் துண்டித்துவிடுகிறாய். அதனால் இதை உன் மனைவியிடம் கொடுத்து, உன்னை டயாலிசிஸ் நாற்காலியில் உட்காரவைத்து ஊசி குத்திய பிறகு படித்துக்காட்டச் சொல்லியிருக்கிறேன். நான்கு மணி நேரம் நீ எழுந்து போக முடியாது. நீ ஓட முடியாத இடத்தில் நான் பேசக் கிடைத்திருக்கும் முதல் வாய்ப்பு இது. வீணாக்க மாட்டேன்.

என் சிறுநீரகத்தை உனக்கு வைக்கலாம் என்று மருத்துவமனைக் குழு போன வாரம் ஒப்புக்கொண்டது. வருகிற வியாழக்கிழமை இரண்டு பேரும் மருத்துவமனையில் சேர வேண்டும். நீ மாட்டேன் என்றாய். அதுவும் என்னிடம் சொல்லவில்லை, உன் மனைவியிடம் சொன்னாய். அவள் அழுதுகொண்டே எனக்குச் சொன்னாள். உன் வாய்மொழி இது: "இத்தனை வருஷமா தட்டை விட்டுத் தலை நிமிராத ஆளு. இனிமே சாகற வரைக்கும், உனக்காகப் பட்டினி கெடந்தேன், உனக்காகப் பட்டினி கெடந்தேன்னு சொல்லிக்காட்டியே என்னைக் கொன்னுடுவான். அதுக்கு இப்பவே போயிடறேன்."

முதலில் தகவல் பிழையைத் திருத்துகிறேன். நீதிமன்றத்தில் நாள் முழுவதும் அடுத்தவர் பொய்களை மொழிபெயர்த்துப் பிழைக்கிறவன் நான். பிழையோடு ஒரு வாக்கியத்தை விட்டுவைக்க என்னால் முடியாது. நான் பட்டினி கிடக்கவில்லை. கிடந்தது ஒரே ஒரு முறை. அது பலிக்கவில்லை.

உன் மனைவியின் ரத்த வகை உனக்குப் பொருந்தாது என்று தெரிந்து, அடுத்து என்னைச் சோதித்தார்களே, அப்போது நடந்தது. சிறுநீரக மருத்துவர் முடிவுகளைப் பார்த்துவிட்டு என்னையும் மேலும் கீழும் பார்த்தார். "சிறுநீரகம் அருமையா இருக்கு சார். அதைச் சுத்தி இருக்கறதுதான் பிரச்சினை" என்றார். இந்த எடையோடு அறுவை செய்ய முடியாது, ரத்த அழுத்தமும் அதிகம், குறைத்துக்கொண்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மூன்று வாரம் வெந்நீரும் வெள்ளரிக்காயுமாக இருந்து, கன்னம் ஒட்டி, வெற்றியோடு எடை மேடையில் போய் நின்றேன். இறங்கும்போது மயங்கி நர்ஸ் மேல் விழுந்தேன். அந்தப் பெண்ணுக்குத் தோள் சுளுக்கிக்கொண்டது. மருத்துவர் என் எடையை எழுதிக்கொள்ளக்கூட மறுத்துவிட்டார். "இப்படிப் போற எடை வந்த வழியே திரும்பி வரும். அப்ப உங்ககிட்ட ஒரு சிறுநீரகம்தான் இருக்கும். தம்பியைக் காப்பாத்தறேன்னு சொல்லி அந்த நாற்காலிக்கு இன்னொரு ஆளை அனுப்ப என்னால ஆகாது. மெதுவாக் குறைங்க. குறைஞ்சது அப்படியே நிக்குதான்னு பார்ப்பேன். அப்புறம்தான் கத்தி."

அதனால்தான் ஒரு வருடத்துக்கும் மேல் ஆனது. நான் வேண்டுமென்றே இழுத்தடிக்கிறேன் என்று நீ சொல்லித் திரிந்தாயாமே. சந்தோஷம்.

உணவு ஆலோசகரிடம் அனுப்பினார்கள். என் மகள் வயதுதான் இருக்கும். என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்டாள். ஒரு துறவியின் சாப்பாட்டை வர்ணித்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஆபீஸ்ல மேஜை இழுப்பறையில என்ன சார் வச்சிருக்கீங்க?" என்றாள். பிஸ்கட் பொட்டலங்கள், வறுத்த கடலை, கேக் துண்டுகள் என்று வாக்குமூலம் கொடுத்தேன். தூக்கி எறியச் சொல்வாள் என்று பார்த்தால், "எறியாதீங்க. கூடத்துக்கு அந்தக் கடைசியில இருக்கற அலமாரியில வைங்க. வேணும்னா எழுந்து போய் ஒண்ணு எடுத்துக்கோங்க" என்றாள். அந்த அலமாரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் தலைமை எழுத்தர். ஒவ்வொரு முறை போகும்போதும் மூக்குக் கண்ணாடியை இறக்கி, "என்ன சார், மறுபடியும் விஜயமா?" என்பார். பசியை என்னால் வெல்ல முடிந்ததில்லை. சோம்பேறித்தனம் அதை ஒரே மாதத்தில் வென்றது. கடைசிப் பொட்டலத்தில் எறும்பு வந்து எழுத்தரே தூக்கிப் போட்டார்.

அதன்பிறகு அந்த ஆலோசகப் பெண் மாதத்துக்கு ஒரு பழக்கம் என்று மாற்றினாள். எதையும் விடச் சொல்லவில்லை. பிடிக்காத சாப்பாட்டை யாரும் நெடுநாள் சாப்பிட மாட்டார்கள் என்பது அவள் கட்சி. தேநீரில் சர்க்கரையைக் கொஞ்சம் கொஞ்சமாக, நாக்குக்குத் தெரியாமல் குறைத்தேன். பாத்திரங்களைச் சாப்பாட்டு மேஜைக்குக் கொண்டுவருவதை உன் அண்ணி நிறுத்தினாள். அடுப்படியிலேயே பரிமாறி, பாதித் தட்டுக்குக் காய்கறி வைத்து எடுத்து வருகிறாள். இன்னும் வேண்டுமென்றால் நானே எழுந்து போக வேண்டும். அலுவலகத்தில் மின்தூக்கியை ஒரு மாடி முன்னாலேயே விட்டு இறங்கினேன். பிறகு இரண்டு மாடி. இப்போது அதில் ஏறுவதே இல்லை. நடுவில் இரண்டு மாதம் எடை முள் அசையவே இல்லை. சக ஊழியர் ஒருவரின் பிரிவுபசார விழாவில் வெறி பிடித்தவன் போலக் கேக்கைத் தின்றுவிட்டு, மறுநாள் முழுக்கச் சாப்பிடாமல் இருந்துவிடுகிறேன் என்று அந்தப் பெண்ணுக்குப் போன் செய்தேன். "தண்டனை எல்லாம் வேணாம் சார். அடுத்த வேளையை ஒழுங்கா சாப்பிடுங்க, போதும்" என்று வைத்துவிட்டாள்.

நடைக்கு மட்டும் ஆலோசகர் தேவைப்படவில்லை. நீ இருந்தாய். நான் இழுத்தடிக்கிறேன் என்று நீ சொன்னது காதுக்கு வந்த அன்று, கத்திக்கொண்டே வாசல்வரை போனேன். உன் அண்ணி பின்னாலேயே வந்து செருப்பை நீட்டி, "வாசல் வரைக்கும் வந்துட்டீங்க. கோவம் ஆறதுக்குள்ள அப்படியே ரெண்டு தெரு சுத்திட்டு வந்துடுங்க" என்றாள். போனேன். உன்னை நினைத்துக்கொண்டால் கால் வலிப்பதில்லை என்று தெரிந்தது. தினமும் உன் குற்றம் ஒன்றை எடுத்துக்கொண்டு கிளம்புவேன். இன்றுவரை பஞ்சம் வந்ததில்லை.

பிறகு நீ வேலை பார்த்த பள்ளி மைதானத்திலேயே சுற்ற ஆரம்பித்தேன். இப்போதைய உடற்பயிற்சி ஆசிரியர் உன்னிடம் படித்தவராம். "எங்க மாஸ்டரோட அண்ணன்தானே? தோளைத் தொங்கப்போடாதீங்க சார், கையை வீசுங்க" என்று கத்துவார். உன்னைப் பற்றி இன்னும் மரியாதையாகத்தான் பேசுகிறார். அந்த மரியாதையை நான் கலைக்கவில்லை.

அந்த மைதானத்தில் நடக்கும்போது நான் நினைப்பது என் கல்யாணத்தை அல்ல. மைக்கைப் பிடுங்கி, "அண்ணன் உக்காரப்போறாரு, ரெண்டு நாற்காலியைச் சேர்த்துப் போடுங்க" என்று நீ சொன்னதற்குப் பெண் வீட்டாரே சிரித்தார்கள். மணப்பெண்ணும் சிரித்தாள். அதைக்கூட ஒரு சின்னப் பையனின் திமிர் என்று வைத்துக்கொள்ளலாம். நான் நினைப்பது வேறு. என் மகள் உன் வகுப்பில் வரிசையில் நின்றிருந்த நாள். "தின்னுட்டுச் சும்மா கெடந்தா எங்க அண்ணன் மாதிரி ஆயிடுவீங்க. எங்க அண்ணன் எப்படி நடப்பாரு தெரியுமா?" என்று பிள்ளைகளுக்கு நடந்து காட்டினாயே. மொத்த வகுப்பும் சிரித்ததாம். தானும் சிரித்ததாக அவள் சொன்னாள், சிரிக்காவிட்டால் அது தன் அப்பாதான் என்று தெரிந்துவிடும் என்பதற்காக. பதினொரு வயது அவளுக்கு. அந்த வருடம் பெற்றோர் கூட்டத்துக்கு நான் வர வேண்டாம் என்றாள். காரணத்தை வேலைக்குப் போன பிறகுதான் சொன்னாள்.

இப்படிப் பாடம் எடுத்த நீ, முழங்கால் வலியை யாருக்கும் காட்டாமல், ஓடுவதற்கு முன்னால் ஒன்று, ஓடிய பின்னால் ஒன்று என்று வலி மாத்திரைகளை வருடக்கணக்கில் மிட்டாய் போல விழுங்கியிருக்கிறாய். மருத்துவரிடம் போவது என்னைப் போன்றவர்களின் வேலை என்று நினைத்தாய். தெரிந்தபோது இரண்டு சிறுநீரகமும் போயிருந்தன. இதில் எனக்கு ஒரு துளி மகிழ்ச்சி இருக்கும் என்று எதிர்பார்த்தேன். தேடிப் பார்த்தேன், இல்லை. அதற்கும் உன்மேல் கோபம்தான்.

மருத்துவமனைக் குழுவில் மூன்று பேர் உட்கார்ந்து என்னைக் கேள்வி கேட்டார்கள். யாராவது கட்டாயப்படுத்துகிறார்களா, பயமுறுத்துகிறார்களா, எதையாவது எதிர்பார்க்கிறீர்களா என்றெல்லாம். கடைசியாக அவர்களில் ஓர் அம்மாள், "தம்பி மேல ரொம்பப் பாசமோ?" என்றார். சத்தியம் செய்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன், பொய் சொல்ல முடியாது. "எனக்கு அவனைப் பிடிக்காதும்மா" என்றேன். மூவரும் பேனாவைக் கீழே வைத்தார்கள். "பிடிக்காமலா கொடுக்கறீங்க?" என்றார். "பிடிக்கறதுக்கும் இதுக்கும் என்னம்மா சம்பந்தம்? அவன் என் தம்பி" என்றேன். பிறகு அந்த அம்மாள் தனக்கும் ஒரு அக்கா இருப்பதாகச் சொன்னார். அன்றே கையெழுத்தாகிவிட்டது.

ஆக, நீ சொன்ன இரண்டாவது விஷயத்துக்கு வருகிறேன். சொல்லிக்காட்டுவேனா? நிச்சயமாகச் சொல்லிக்காட்டுவேன். கல்யாண வீட்டில் சொல்வேன், கருமாதி வீட்டில் சொல்வேன், உன் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்வேன். நீ உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். உன்னை நான் நாற்பது வருடம் கேட்டேன், செத்தா போய்விட்டேன்?

நான் யோசித்துப் பார்த்ததில், நீ பயப்படுவது அதற்கல்ல என்று தோன்றுகிறது. வியாழக்கிழமைக்குப் பிறகு எல்லாம் சரியாகிவிட்டதாக ஆகிவிடுமோ, அண்ணன் பெரிய மனது பண்ணி மன்னித்துவிட்டான் என்று எல்லோரும் சொல்வார்களோ, என் எதிரில் தலை குனிந்தே மிச்ச நாளைக் கழிக்க வேண்டியிருக்குமோ என்று பயப்படுகிறாய். அந்தக் கவலை உனக்கு வேண்டாம். மன்னிப்பு இதில் சேராது. என் மகளிடம் நீ கேட்க வேண்டிய மன்னிப்பு அப்படியே இருக்கிறது; நேரில் போய்க் கேள், கொடுப்பதும் கொடுக்காததும் அவள் இஷ்டம். எனக்கு நன்றி சொல்லாதே. காலில் விழாதே. வழக்கம்போல முகத்தைத் திருப்பிக்கொள். நானும் அப்படியே இருப்பேன்.

தனித்தனி அறை கேட்டிருக்கிறேன். கிடைக்குமாம். ஆனால் அறுவைக்கு மறுநாளே எழுப்பி நடக்கவைப்பார்களாம், ஒரே நடைபாதைதானாம். எதிரில் வந்தால் ஒதுங்கிப் போ.

வியாழன் காலை உன் மனைவி வண்டி ஏற்பாடு செய்திருக்கிறாள். அதுவரை உப்பைக் குறை. தண்ணீரை அளந்து குடி, திருட்டுத்தனமாகக் குடிக்கிறாய் என்று கேள்விப்பட்டேன். உன் மனைவி ராத்திரி தூங்குவதில்லை. அவளிடம் எரிந்து விழாதே, எரிந்து விழ நான் இருக்கிறேன்.

நான் நடையை விடப்போவதில்லை. நீ வந்தாலும் வராவிட்டாலும் விடிந்தால் கால் தானாகவே வாசலுக்குப் போய்விடுகிறது. ஆனால் நீ வராவிட்டால், நடக்கும்போது யாரைத் திட்டிக்கொண்டு போவது என்று எனக்குத் தெரியவில்லை.

நீ எல்லாவற்றிலும் என்னை முந்தியவன். நான் எதற்கும் தடுத்ததில்லை. எனக்குப் பின்னால் பிறந்தவன், எனக்குப் பின்னால்தான் போக வேண்டும். இதில் முந்தாதே. வந்து சேர்.

இப்படிக்கு,
உனக்குப் பிடிக்காத
அண்ணன்