மனுவாகிப் போன கட்டுரை

பம்பாய்
12.8.1979

அன்புள்ள லீலாவுக்கு,

நான் நலம். நீயும் அத்தையும் நலம்தானே? அத்தையின் கால் வீக்கம் வடிந்ததா?

இங்கே ஒரு சின்ன வேடிக்கை. நான் வரைந்த மாங்காய்க் கரைச் சேலை கண்காட்சிக்குப் போகிறது. அந்த டிசைன் என் மனதில் எப்படி உருவானது என்று, பக்கத்தில் ஒட்டுவதற்கு ஒரு தாள் எழுதித் தரச் சொன்னார்கள் எங்கள் டிசைன் ஆபீசில். நான் நாலு தாள் எழுதினேன். கூட வேலை செய்யும் போளூர் தனகோடி அதை வாங்கி, எங்கள் அறையில் எல்லாருக்கும் உரக்கப் படித்தார்.

"இன்னாய்யா, கலெக்டருக்கு மனு எழுதிக்கினு இருந்தியா? கரையைப் பத்தி ஒரு வரி இல்லியே. யாரு இந்த சம்பந்தம்?"

என் டிசைன்களை உன் அண்ணன் சம்பந்தம் தன் பெயரில் விற்றதைத்தான் நாலு தாளிலும் எழுதியிருந்தேன், லீலா. எல்லாரும் சிரித்தார்கள். நான் தலை நிமிரவே இல்லை.

மறுபடி எழுத உட்கார்ந்தால் ஒன்றும் வரவில்லை. ஊரில் அந்தக் கரையை வரைந்தபோது கோபமாக இருந்தது மட்டும்தான் நினைவிருக்கிறது. நீ எதிரே உட்கார்ந்து நூல் சுற்றிக்கொண்டிருந்தாய். அப்போது நான் எப்படி இருந்தேன் என்று எழுது. அண்ணனிடம் இதைச் சொல்லிவிடாதே. கொஞ்சம் வடகமும் அனுப்பு.

தபால் எடுக்கும் நேரமாகிறது. ஒன்றை மட்டும் மறக்காமல் எழுது. வரையும்போது நான் எப்போதாவது பாடினேனா?

உன்
ஏகாம்பரம்