அறுபடாத சுரம்

மார்ச் 4, செவ்வாய்

ஐந்து பேருக்கான இசைப் பிரதிகளையும் அச்செடுத்து ஒட்டி முடித்தேன். புல்லாங்குழல், கிளாரினெட், வயலின், செல்லோ, பியானோ. விரலெல்லாம் பசை. "என்ன மேடம், தாள் பூரா எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு" என்றார் நகல் கடைக்காரர். அவருக்கு அது வேடிக்கை. எனக்கு மூன்று வருடம்.

ஆய்வேடாக நான் எழுதிய இசையின் தலைப்பு 'அறுபடாத சுரம்'. குழல் எடுக்கும் ஒரே இழை, முதல் நொடியிலிருந்து பதினோராவது நிமிடம் வரை எங்கும் அறாமல் போகும். மற்ற நான்கு வாத்தியங்களும் அதைச் சுற்றித்தான். இழை அறாமல் நின்றால் பட்டம். பட்டம் வந்தால் வேலை. அதுவரை அக்கா வீட்டில் ஓசிச் சோறு.

நாளை மறுநாள் முதல் ஒத்திகை. முதுகு வலிக்கிறது.

மார்ச் 6, வியாழன்

பாதியில் நின்றுவிட்டது. பாதி என்று சொல்வதே அதிகம், முதல் பக்கம் தாண்டவில்லை.

புல்லாங்குழல்காரர் முகம் ரத்தமாய்ச் சிவந்து, குழலை மடியில் வைத்தார். ரொம்ப மரியாதையாகக் கேட்டார்: "தப்பா எடுத்துக்காதீங்க. இதுல நான் எங்க மூச்சு விடணும்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் பிரதியைப் பார்த்தேன். ஓர் இடம்கூட இல்லை. நாலு பக்கத்திலும் இல்லை.

மூன்று வருடமும் கணினியில் ஓடவிட்டு ஓடவிட்டு எழுதியது. அது மூச்சு விடாது, தண்ணீர் கேட்காது, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் ஊதும். எனக்கு ஒரு தடவைகூடத் தோணலையே! ஊதுறவனுக்கு மூச்சு வேணும்னு சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியுமே. இதுல நான் ஆராய்ச்சி மாணவி வேற.

மூக்கால் இழுத்துக்கொண்டே வாயால் விடும் வித்தை இருக்கிறதே என்று இழுத்தேன். "அது ஒரு நிமிஷம் தாங்கும். அதுக்கு மேல போனா நீங்கதான் வீட்டுக்குத் தகவல் சொல்லணும்" என்றார். செல்லோக்காரம்மா சிரிப்பை அடக்க வில்லில் பிசின் தேய்த்தார், தேய்த்துக்கொண்டே இருந்தார்.

மார்ச் 7, வெள்ளி

எழுந்திருக்கவில்லை.

மார்ச் 12, புதன்

ஒரு யோசனை. குழல் மூச்சு வாங்கும் இடத்தில் கிளாரினெட் அதே சுரத்தைப் பிடித்துக்கொள்ளட்டும், பிறகு குழல் திரும்ப வாங்கிக்கொள்ளட்டும். ஐந்து நாளாக இதே வேலை. கணினியில் கேட்டால் கச்சிதம்.

ஆட்கள் வாசித்தால் கிழிந்த சட்டைக்கு ஒட்டுப் போட்டது போல இருக்கிறது. நான்கு முறை வாசிக்கச் சொன்னேன். ஐந்தாவது முறை கேட்கும்போது கிளாரினெட்காரப் பெண் சொல்லிவிட்டாள்: "அக்கா, இதோட குரல் வேற, அதோட குரல் வேற. எப்படித் தைச்சாலும் தையல் தெரியத்தான் செய்யும்."

ஆய்வு நெறியாளரிடம் போனேன். கண்ணாடியைத் துடைத்தபடியே கேட்டார். "மூச்சு விட்டா இழை அறும். அறுந்தா உன் ஆய்வேடு எங்க?" சரிதான், எங்கே? பிறகு அவரே வழியும் சொன்னார்: "கணினிப் பதிவையே குடுத்துடு. அதுல அறாமத்தானே வருது? விதியில தடை இல்ல."

மார்ச் 13, வியாழன்

அப்போ எதுக்கு அஞ்சு பேரு?

மார்ச் 20, வியாழன்

அக்கா மருத்துவமனையில் பணி முடிந்து வந்து, காலை வெந்நீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எல்லாவற்றையும் கொட்டினேன். கண்ணை மூடியபடியே கேட்டாள். "முடிச்சுத் தொலைடி. எதைக் குடுத்தா முடியுமோ அதைக் குடு. வார்டுல நான் என்ன மனசுக்குப் பிடிச்சா வேலை பாக்கறேன்?"

சுருக்கென்று கோபம் வந்தது. அவள் பாதத்தைப் பார்த்தேன். வீங்கியிருந்தது. கோபத்தை எங்கே வைப்பது?

கணினிப் பதிவைக் கொடுத்துவிட்டேன். இனி ஒத்திகை இல்லை என்று எல்லோருக்கும் சொன்னேன். "சரிங்க" என்றார் புல்லாங்குழல்காரர். பிறகு, "பிரதியை நான் வச்சுக்கட்டுமா?" என்றார். எதற்கு என்று கேட்கக்கூடத் தெம்பில்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

வாய்மொழித் தேர்வுக்குத் தயாராகிறேன். அதாவது மேசை முன்னால் உட்கார்ந்து சுவரைப் பார்க்கிறேன். என் இசையைத் திரும்பக் கேட்க எனக்கே அலுப்பாக இருக்கிறது. அழகாகத்தான் இருக்கிறது. யாருமே இல்லாத வீடு மாதிரி.

மே 14, புதன்

வரிசையாக எழுதிவிடுகிறேன்.

வெளித் தேர்வாளர் வெள்ளைத் தாடிக்காரர். பதிவு முழுவதையும் கண்மூடிக் கேட்டார். முடிந்ததும் கண்ணைத் திறந்தார். பிறகு, "குழல் வாசிச்சது யாரும்மா? அடேயப்பா, என்ன மூச்சு! என் வணக்கத்தை அவருக்குச் சொல்லணும்" என்றார்.

கணினி என்று ஆய்வேட்டின் மூன்றாம் பக்கத்திலேயே எழுதியிருக்கிறேன். மனிதர் படிக்கவில்லை. நெறியாளர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். 'சொல்றேன் சார்' என்றால் தீர்ந்தது. வாய்வரைக்கும் வந்தது.

வரவில்லை. இதை நேர்மை, வீரம் என்றெல்லாம் சொல்லிக்கொள்ள மாட்டேன். அந்த வணக்கத்தை வாங்கி யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பேன்? காலமெல்லாம் அதைச் சுமந்து திரிய என்னிடம் சக்தி இல்லை, அவ்வளவுதான்.

"ஆள் இல்லைங்க சார். கம்ப்யூட்டர்."

பக்கங்களைப் புரட்டினார். மூன்றாம் பக்கத்தில் நின்றார். கோபப்படவில்லை. "அப்போ உன் இசையை நான் இன்னும் கேக்கவே இல்லையேம்மா" என்றார்.

பட்டம் இப்போது இல்லை. ஆறு மாத அவகாசம். ஐந்து பேரும் வாசித்த பதிவு வேண்டுமாம். தலைப்பையும் மாற்ற வேண்டும்.

படியிறங்கும்போது நெறியாளர், "உன் தலையில நீயே மண்ணை வாரிப் போட்டுக்கிட்டியே" என்றார்.

மே 15, வியாழன்

அக்காவிடம் சொன்னேன். "இன்னும் ஆறு மாசமா?" என்றாள். திட்டியிருந்தால் தேவலை. சாப்பிடும்போது தட்டில் எப்போதும் போல நிறையத்தான் வைத்தாள். அதுதான் விழுங்க முடியவில்லை.

ஜூன் 1, ஞாயிறு

புல்லாங்குழல்காரரை வரச் சொல்லியிருந்தேன். இரவுப் பணி முடிந்து அக்கா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். கதவைச் சாத்திவிட்டு முன்னறையில் பிரதியை விரித்தோம். எங்கெங்கே மூச்சு என்று பென்சிலால் குறித்துக்கொண்டே போனோம். கல்யாணத்துக்குப் பேரம் பேசுவது போல நடந்தது. "இங்க?" "வேண்டாம்." "இங்கயாவது?" "ஐயோ, அங்க அறுந்தா எல்லாம் போச்சு." "அங்க விடலேன்னா நான் போயிடுவேங்க!" விட்டுக்கொடுத்தேன். முதல் பக்கத்திலேயே ஏழு இடம்.

மெதுவாக வாசிக்கச் சொன்னேன். குழலுக்கு மெதுவாகவெல்லாம் தெரியாது.

மூச்சை இழுக்கும் சத்தம் அறை முழுக்கக் கேட்டது. இழை அறுந்தது, அவர் இழுத்தார், திரும்ப வந்தது. எங்கே வராமலே போய்விடுமோ என்று ஒவ்வொரு முறையும் பயந்தேன். என் இசைக்காக நான் இதுவரை பயந்ததே இல்லை.

உள்கதவு திறந்தது. தூக்கம் கெட்ட அக்கா, தலை கலைந்து நின்றாள். வசமாக வாங்கப்போகிறோம் என்று நினைத்தேன். அவரும் குழலை இறக்கிவிட்டார்.

மூன்று வருடமாக இதே இசை இந்த வீட்டில் ஓடுகிறது. அவள் ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை.

"ஏன் நிறுத்திட்டீங்க?" என்றாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.